ஆக்கத் தூண்டலும் சமூக வாழ்வும்: டொமினிக் ஜீவாவை முன்வைத்து ஒரு குறிப்பு

ஆக்க இலக்கியத்திற்கான தூண்டல் எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவுக்கு இயற்கை, அகவொருமை, ஆசான் என மூன்று விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளன. கருத்துமுதல்வாதத் திறனாய்வு இவற்றைத் தனிமனித அகத்தின் நிகழ்வுகளாகவே கண்டது. ஆயின், இவை சமூக உறவுகளினூடாகவே எழுத்தாளனை வந்தடைகின்றன. டொமினிக் ஜீவாவின் (1927–2021) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் இயற்கை. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குச் சுண்ணாம்புக்கற் படுகையின் நிலத்தடி நீரே ஆதாரம். நீர் இயற்கையின் கொடை. கிணறோ சாதியமைப்பின் காவலுக்குட்பட்டிருந்தது. பிறர் அள்ளி ஊற்றும்வரை ஒரு சாரார் காத்துநின்ற சமூகத்தில், நீர் பற்றிய அழகுணர்ச்சி யாவர்க்கும் ஒன்றாயிருத்தல் இயலாது. சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) எனப் பெயர் கொண்டமை தற்செயலன்று.

அடுத்து ஆசான். சாதி இழிவு அவரது பள்ளிக் கல்வியை ஆரம்ப வகுப்புகளோடு நிறுத்திற்று. 1940களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தலைமறைவாயிருந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் தொடர்பு, மறுக்கப்பட்ட கல்வியை வேறு வழியில் மீட்டளித்தது. 'ஜீவா' என்ற பெயரே அத்தொடர்பின் அடையாளம்.

மூன்றாவது சமூகம். கஸ்தூரியார் வீதியின் ஜோசப் சலூன் அவருக்குத் தொழிற்களமாகவும் கலாசாலையாகவும் அமைந்தது. 1966 ஆகஸ்டில் தொடங்கிய 'மல்லிகை' அங்கிருந்தே வளர்ந்தது. கைலாசபதி, சிவத்தம்பி முதலிய பல்கலைக்கழக அறிஞர்களும் முறைசார் கல்வி பெறாத எழுத்தாளரும் அதன் பக்கங்களில் சந்தித்தனர். போர்ச்சூழலில் 1990களில் கொழும்புக்குப் பெயர்ந்த அவ்விதழ், புதுக்கடைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து தொடர்ந்து வெளிவந்தது. இடம் மாறியபோதும் இதழ் நிலைத்தமைக்கு அதைச் சூழ்ந்திருந்த வாசகர் உறவே அடிப்படை.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். அதே சூழலில் வாழ்ந்தோர் யாவரும் எழுத்தாளராகவில்லையே? உண்மை, சூழல் தானாக எழுதுவதில்லை. கண்டதைக் கூர்ந்து உள்வாங்கும் அகவொருமை தனிமனிதனுக்குரியது. ஆனால் அது உலகை மறந்த தியானமன்று. அன்றாடம் பலதரப்பட்ட மனிதரின் முகத்தையும் பேச்சையும் அவதானிக்க நேர்ந்த உழைப்பினூடே பயின்றது எனலாம்.

ஆகவே, எழுத்தாளனின் மேதைமையை மட்டும் ஆராய்தல் பாதி ஆய்வே. அவனை உருவாக்கிய சலூனையும் வாசிகசாலையையும், அவனுக்கு மறுக்கப்பட்ட கிணற்றையும் வகுப்பறையையும் சேர்த்து ஆராயும்போதே நமது இலக்கிய வரலாறு முழுமை பெறும்.