மாங்கா போடுகிறவர்களின் உத்தியோகம்

படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் இருக்கிறது கருங்குழி. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வேறு, அது வடலூர்ப் பக்கம்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே டென்னிஸ் பால் மேட்ச் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவது ஓவர் போட வந்த பையனுக்கு அப்படியொரு வேகம். இரண்டே பந்துதான். "டேய், மாங்கா போடுறான்டா!" என்று லாங்-ஆன் பக்கமிருந்து ஒரு குரல். அம்பயராக நின்ற அண்ணன் நோ-பால் என்று கையை நீட்டினார். பையன் பேசாமல் பந்தைக் கொடுத்துவிட்டு ஃபைன் லெக்குக்குப் போனான்.

மாமரத்தில் கல் விடுகிற மாதிரி முழங்கையை மடக்கி எறிந்தால் அது மாங்கா. கிரிக்கெட்டில் குற்றம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முத்தையா முரளிதரனுக்கு ஏழு முறை நோ-பால் கொடுத்தார்கள். பிறவியிலேயே முழுசாக நிமிராத முழங்கை அவருக்கு. அந்தக் கையால்தான் டெஸ்ட் ஆட்டங்களில் மொத்தம் 800 விக்கெட் எடுத்தார் என்பது தனிக்கதை. பேஸ்பாலில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. அங்கே மாங்கா போடுவதுதான் உத்தியோகம். பிட்சர் என்று பெயர்.

பிட்சர் ஓடி வருவதில்லை. பத்து அங்குல உயர மண்மேட்டில் ரப்பர் பலகையை மிதித்து நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி இருப்பவரை நோக்கி எறிகிறார். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை என்பதால் ஆடுகளத்தின் தயவும் இல்லை. 108 சிவப்புத் தையல்களில் விரலை எங்கே வைக்கிறார், எப்படி உருட்டி விடுகிறார் என்பதிலேயே பந்து வளைவதும் முங்குவதும்.

2008-ல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியோடு இந்தியாவுக்கு வந்தார். கிரிக்கெட் பவுலர்கள் கிடைப்பார்கள் என்று நினைத்தார். கிடைத்ததோ உத்தரப்பிரதேசத்தின் ஈட்டி எறியும் பையன்கள் இருவர்: ரிங்கு சிங், தினேஷ் படேல். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முழங்கையை நிமிர்த்தச் சொல்லி யாரும் அவர்களை மிரட்டியிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி நிர்வாகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் ரிங்கு பெற்ற வெற்றி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அங்கே உச்ச மட்டமான மேஜர் லீக் வரை இருவராலும் போக முடியவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய் 'வீர் மஹான்' ஆனார். 2014-ல் இந்தக் கதை படமாக வந்தது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

மேஜர் லீக் வரை ஒரு குமார் போயிருக்கிறார். தெருவுக்கு நாலு குமார் உள்ள ஊர்க்காரர்கள் நாம், சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். குமார் ராக்கர், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2019-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணிக்காக ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை. 2021-ல் நியூயார்க் மெட்ஸ் தேர்ந்தெடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கைகழுவியது. மறு ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. 2023-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை. மேஜர் லீக் மண்மேட்டில் அவர் முதலில் ஏறியது 2024 செப்டம்பர் 12 அன்று, சியாட்டலில்.

மாங்கா சும்மா விடாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் பொதுவாக ஐந்து பேர்; முறை வைத்து எறிவார்கள். நூறு பந்தை நெருங்கினால் அணியின் மேனேஜர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொள்வார். அப்படியும் முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிகிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவே நரம்பு மாதிரி ஒன்று துருத்தும் (சிலருக்கு இருக்காது). அதை உருவி, கிழிந்ததற்குப் பதிலாக முழங்கை எலும்பில் துளைபோட்டுக் கோத்துக் கட்டுகிறார்கள். 1974-ல் இந்த அறுவை சிகிச்சையை டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார்கள். அவர் 1989 வரை ஆடினார்.

கருங்குழி மேட்ச் கடைசி ஓவர் வரை போனது. பந்து ஃபைன் லெக் பக்கம் ஓட, இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினார்கள். அந்தப் பையன் குனிந்து எடுத்து, முழங்கையை மடக்கி, கீப்பர் கைக்கே நேராக எறிந்தான். ரன்-அவுட். லாங்-ஆன்காரர்தான் முதலில் விசிலடித்தார்.