நறுக்கும் முன்பே கழுவுங்கள்

முழு வெள்ளரிக்காய்க்குத் தோல்தான் காவல். கத்தி பட்டதும் வெட்டிய இடத்தில் சாறு கசிகிறது. பாக்டீரியா பெருகத் தேவையான ஈரமும் சத்தும் அதில் இருக்கின்றன. வயலின் எரு, பாசன நீர், மூட்டை, பலரது கை என்று வரும் வழியில் ஈ.கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்றவை காயில் ஒட்டிக்கொள்ளலாம். தோல்மீது இருக்கும்வரை அவற்றைப் போக்குவது எளிது. கழுவாமல் நறுக்கினால் கத்தியே அவற்றை உள்ளே கொண்டுபோய்விடும்.

நறுக்கியபின் கழுவினால் பலன் குறைவு. வெட்டுப்பட்ட இடத்தின் நுண்ணிய பிளவுகளில் பாக்டீரியா புகுந்துகொள்ளும். பாக்கெட் காய்கறி ஆலைகளில் குளோரின் நீரில் அலசுகிறார்கள். அதிலும் பொதுவாக 90 முதல் 99 சதவீதம்தான் குறையும். ஒரு லட்சம் இருந்த இடத்தில் ஆயிரமாவது மிஞ்சும். ஒரு காயின் கிருமி அலசும் நீர் வழியாக மற்றவற்றுக்குப் பரவாமல் தடுப்பதுதான் குளோரினின் முக்கிய வேலை. 2006-இல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற ஸ்பினாச் கீரையால் சுமார் 200 பேர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளானார்கள், மூவர் இறந்தார்கள். அது ஆலையில் கழுவி வந்த கீரைதான்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காயைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கேரட்டுக்கும் வெள்ளரிக்கும் சிறு பிரஷ் நல்லது. கீரையை வேர் நீக்கி, அகலமான பாத்திரத்தில் அலசி, கையால் மேலே அள்ளி எடுங்கள். நீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே ஒட்டும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். சோப்பு, டிடர்ஜென்ட் கூடாது. காய் அதை உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் மஞ்சளும் போட்ட நீரைக் கிருமிநாசினி என்று நம்பிவிட வேண்டாம். மீனும் கோழியும் வெட்டும் பலகையில் பச்சடிக் காயை நறுக்காதீர்கள். ஒரே பலகைதான் என்றால் காயை முதலில் நறுக்கிவிடுங்கள்.

அடுத்தது நேரம். சாதகமான சூட்டில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒன்று ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். எனவே நறுக்கிய காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், 5 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் மூடி வையுங்கள். லிஸ்டீரியா ஃபிரிட்ஜிலும் மெதுவாக வளரும் என்பதால் நாள்கணக்கில் சேமிக்க வேண்டாம். கடையில் வாங்கும் பாக்கெட்டும் குளிர்பெட்டியில் இருந்ததாகவே இருக்கட்டும்.

சாம்பாருக்கும் பொரியலுக்கும் போகும் காயில் இந்தக் கிருமிகள் நன்றாக வேகும்போதே செத்துவிடும். கவனம் வேண்டியது பச்சையாகச் சாப்பிடுபவற்றில்தான்: தயிர்ப் பச்சடி, சாலட், அடுப்பை அணைத்தபின் தூவும் கொத்தமல்லி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றை அந்தந்த வேளைக்குக் கழுவி, நறுக்கி, உடனே பரிமாறிவிடுங்கள்.