வேலியோரத்து வலைஞர்கள் – 9: முதுகும் அடிவயிறும்

சக்கர வடிவமாக வலை பின்னுகிற சிலந்திகளில் அரேனிடே என்ற ஒரு குடும்பத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டாலும், உலகத்தில் 3,000 இனங்களுக்கு மேல் விவரிக்கப்பட்டிருக்கின்றன. இப்படியிருக்க, மார்கழிக் காலையில் பனி தாங்கி நிற்கும் வேலி வலையொன்றின் முன்னே குனிந்து, சிலந்தியின் முதுகிலுள்ள வர்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்ன இனம் என்று பெயர் சூட்டிவிடுகிறவர்களின் தைரியம் எனக்கு எப்போதுமே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

வர்ணத்தைவிட வலையும் அதில் சிலந்தி அமர்ந்திருக்கும் விதமும் நம்பத்தக்க சாட்சிகள். செங்குத்தான வலையின் நடுவில், தலைகீழாக, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் நீட்டிக்கொண்டு பட்டப்பகலில் அச்சமின்றி வீற்றிருப்பது ஆர்ஜியோப். தன் உணவின் எச்சங்களையும் குப்பையையும் வலையின் நடுவே வரிசையாகக் கோத்து, அந்த வரிசையிலேயே தானும் ஒரு குப்பையாக ஒடுங்கியிருப்பது சைக்ளோசா. நீரோரப் புல்லில் உடம்பை நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெருந்தாடை படைத்த டெட்ராக்னதாவை வேறொன்றாக எண்ணுவது கடினம். ஆனால் கிடையாகவோ சாய்வாகவோ கட்டிய வலையின் கீழே தொங்குவதைக் கண்டால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். வெள்ளிபோல் மின்னும் உடம்பும் இழைகளில் பசைத்துளிகளும் தென்பட்டால் அது பெரும்பாலும் லியூகேஜ். மங்கிய உடம்பும், பசையின்றிப் பஞ்சுபோல் நொய்ந்த இழைகளும் காணப்பட்டால் யுலோபோரஸ். இந்தப் பின்னதற்கு விஷச் சுரப்பியே கிடையாது என்பதும், இரையை நூலால் இறுகச் சுற்றியே அடக்குகிறது என்பதும் சிலந்தி என்றாலே விஷம் என்று நடுங்குகிறவர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள்.

ஆர்ஜியோப் என்று கண்டுகொண்ட மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. அது வலையில் போடும் வளைந்து வளைந்து செல்லும் வெண்பட்டையை அடையாளமாகக் கொள்ளலாமோ என்றால், அந்தப் பட்டை ஒருநாள் நான்கு கைகளோடும், ஒருநாள் இரண்டோடும், ஒருநாள் அடியோடு இல்லாமலும் இருக்கும். குஞ்சுப் பருவத்திலோ வட்டத் தகடாகவே இருப்பதுண்டு. வயிற்றின் வடிவம் ஓரளவு உதவும். நீள்வட்ட வயிற்றில் மெல்லிய குறுக்குக் கோடுகள் பலவற்றைத் தாங்கியது ஈமுலா. விளிம்பு புடைபுடையாகப் பிதுங்கியது லொபாட்டா. ஐங்கோண வயிற்றில் மஞ்சள் பட்டைகளோடு வரும் புல்கெல்லாவும் அனசுஜாவுமோ பார்க்கிறவர்களைக் குழப்பாமல் விடுவதில்லை. தோரெல் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் ஒருவரே முன்னதை 1881இலும் பின்னதை 1887இலும் விவரித்தார்.

இவற்றினும் பெரிய சோதனை, அந்தி சாய்ந்த பிறகு வலை கட்டத் தொடங்கும் பழுப்பும் சாம்பலுமான நியோஸ்கோனாக்களிடம் காத்திருக்கிறது. ஒரே இனத்திலேயே வெளிறியதும் கருத்ததும் நடுவே வெண்பட்டை ஓடியதுமாகப் பல வேஷங்கள் உண்டு. பக்கத்து மரத்தில் வேறு பேரினமான அரேனியஸ் ஒன்று ஏறக்குறைய அதே வேஷத்தில் இருக்கவும் கூடும். இங்கே வயிற்றை விட்டுவிட்டு, பூதக்கண்ணாடியை முன்னுடலின் முதுகுக் கவசத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அதன் நடுவே நகத்தால் கீறியது போன்ற ஒரு பள்ளம் தெரியும். அது உடம்பின் நீளவாக்கில் இருந்தால் நியோஸ்கோனா. பெண் சிலந்தியில் அது குறுக்குவாக்கில் கிடந்தால் அரேனியஸ் என்று கருத இடமுண்டு.

இனத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமோ அடிவயிற்றுக்கே உரியது. பெண் சிலந்தியை மல்லாக்கப் பார்த்தால், அடிவயிற்றின் முற்பகுதியில், சுவாச உறுப்புகளை மூடிய இரண்டு வெளிறிய பட்டைகளுக்கு நடுவே, கருமையாக இறுகிய சிறு தகடு ஒன்று தென்படும். அது இனத்துக்கு இனம் வடிவில் மாறுபடும். நியோஸ்கோனாவில் அதன் நாக்குப் போன்ற நீட்சி அடியோடு ஒன்றிய ஒரே துண்டாக இருக்க, அரேனியஸில் அது பெரும்பாலும் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கும். ஆண் சிலந்தியின் முகத்தருகே உள்ள உணர்கால்களின் முனை இதற்கு இசைவாக, பூட்டுக்குச் சாவி என்னும்படி அமைந்திருக்கிறது. டிகாதர் 1982இல் வெளியிட்ட இந்தியச் சிலந்தி நூலில் இந்தத் தகட்டின் கோட்டுச் சித்திரங்கள் மீண்டும் மீண்டும் வருவதன் காரணம் இதுவே. கடைசித் தோலுரிப்பு முடியும்வரை அந்தத் தகடு முழு உருப்பெறுவதில்லையாதலால், இளஞ்சிலந்திக்கு இனப்பெயர் சொல்ல மறுப்பவரே என் அபிப்பிராயத்தில் விஷயம் அறிந்தவர். பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் யாதொரு அவமானமும் இல்லை.

இத்தொடரை வாசித்துவரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிலந்தியின் படத்தை அனுப்பும்போது முதுகோடு நின்றுவிடாமல், அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஏந்திக் கீழ்ப்புறமிருந்து அடிவயிற்றையும் படமெடுத்துக்கொண்டு, வலை நிமிர்ந்திருந்ததா கிடந்ததா, பகலா இரவா என்பதையும் குறித்து அனுப்புங்கள். படமெடுத்தானதும் அதை எடுத்த செடியிலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.