கலோரி காட்டும் கைக்கடிகாரம்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டிய கணக்கு

கல்முனை பிரதான வீதியில் கையடக்கத் தொலைபேசி விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும், கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டு இன்று ஸ்மார்ட் கைக்கடிகாரங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளின் கைகளில் மட்டும் காணப்பட்ட இப்பொருள், இப்போது நாவிதன்வெளி, சவளக்கடை, மத்திய முகாம் என வயற்புறத்து ஊர்களுக்கும் வந்துவிட்டது. விலை ஒரு காரணம். மற்றக் காரணம் சீனி வருத்தம். இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு உண்டென 2005-2006இல் செய்யப்பட்ட தேசிய ஆய்வொன்று கண்டது. அதன் பின்னர் "நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்று டொக்டர்மார் சொல்லாத நாளில்லை. நடக்கிறவருக்குத் தான் நடந்ததற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் கடைக்காரர் விற்கிறார்.

பெட்டியின் மேல் இருதயத் துடிப்பு, காலடி, தூக்கம் என்று பலதும் அச்சிடப்பட்டிருந்தாலும், விற்பனையின்போது முதலில் சொல்லப்படுவது கலோரிதான். "எத்தின கலோரி எரிச்சீங்க என்டு அப்பிடியே காட்டும்" என்ற வாசகத்தை நான் மூன்று கடைகளில் ஒரே ராகத்தில் கேட்டிருக்கிறேன். அது உண்மையில் எவ்வளவு சரி என்பதே இவ்வாரம் எடுத்துக்கொண்ட விடயம்.

சவளக்கடையில் வெள்ளாமை செய்யும் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். மகன் அனுப்பிய கடிகாரம். "தம்பி, பத்துக் கிலோ குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்றார். இது நேத்து மட்டும் ரெண்டாயிரத்து நூறு கலோரி எரிஞ்சதெண்டு சொல்லுது. அப்ப நான் ஏன் இன்னும் குறையல்ல?" என்றார். நடப்பதற்குக் கூலியாக மாலையில் ஒரு பராட்டாவும் சீனி போட்ட பால் தேநீரும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கடிகாரம் அனுமதி கொடுத்துவிட்டதல்லவா!

அவருடைய 2,100இல் நடையின் பங்கு எவ்வளவு? 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வாக இருக்கும் உடல், ஒரு கிலோ எடைக்கு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறது என்பது பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கு. அப்படியானால் மணிக்கு 70, நாளொன்றுக்கு 1,680. மூச்சு விடவும், இருதயம் அடிக்கவும், உடற்சூட்டைக் காக்கவும் இது செலவாகிறது. நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கைத் தொடங்கும் கடிகாரம், அவர் சுபஹுக்கு எழும்பும் 5 மணிக்கே 350 கலோரி காட்டிவிடும். பாயை விட்டு அசையாமலே! ஆக, 2,100இல் அசைந்து உழைத்ததற்கானது 420 மாத்திரமே. சில நிறுவனங்களின் கடிகாரங்கள் "மொத்தம்", "உழைப்பு" என்று இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. பல மலிவான வகைகளில் ஒரே இலக்கம்தான். கொள்வனவு செய்யும்போது இதைக் கேட்டுக்கொள்ளும் வாடிக்கையாளர் ஒருவரையேனும் நான் இதுவரை காணவில்லை.

அந்த 420 சரியா என்றால், அதுவும் ஓர் அனுமானமே. கலோரியை அளப்பதென்றால் என்னவென்று தெரிந்தால் இது விளங்கும். ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்தத் தேவையான வெப்பமே நாம் உணவுக் கணக்கில் கலோரி என்று சொல்வது (விஞ்ஞானத்தில் இது கிலோகலோரி). மனிதன் வெளியிடும் வெப்பத்தை நேரடியாக அளப்பதற்கு, 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்பவர் ஆளையே உள்ளே வைத்து மூடும் ஓர் அறையைக் கட்டினார். நாட்கணக்கில் அதற்குள் இருந்து உண்டு உறங்க வேண்டும். இன்றைய ஆய்வுகூடங்களில் முகமூடி அணிவித்து, உள்ளே போகும் ஒட்சிசனையும் வெளியே வரும் காபனீரொட்சைட்டையும் அளக்கிறார்கள். ஒரு லீற்றர் ஒட்சிசன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்திருக்கிறது என்பது கணக்கு. வீட்டில் வழமைபோல் வாழும் ஒருவரை அளப்பதற்கு, பாரமான ஐதரசனும் பாரமான ஒட்சிசனும் கலந்த விசேட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரைப் பரிசோதிக்கும் முறை உண்டு. 1950களில் எலிகளில் பரீட்சிக்கப்பட்ட அம்முறை, 1982இல்தான் மனிதருக்கு வந்தது.

மணிக்கட்டில் கிடக்கும் கடிகாரத்திடம் இவை எதுவும் இல்லை. அது ஒட்சிசன் செலவைக் காண்பதில்லை, வெப்பத்தையும் அளப்பதில்லை. அதனிடம் இருப்பது கை அசைவை உணரும் ஒரு சிறு பாகம், தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி இரத்த ஓட்டத்திலிருந்து துடிப்பை எண்ணும் இன்னொரு பாகம், வாங்கிய அன்று நாம் பதிந்த வயது, பால், உயரம், எடை ஆகிய விபரங்கள். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு, இப்படிப்பட்ட ஆள் இப்படி அசைந்தால் இவ்வளவு எரிந்திருக்கும் என்று ஊகிக்கிறது. அச்சூத்திரத்தை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

ஊகம் எவ்வளவு தவறுகிறது என்பதற்கு நல்ல சான்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. டொக்டர் யூவன் ஆஷ்லியின் குழு, 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளை அணிவித்து, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து, ஆய்வுகூட அளவீட்டோடு ஒப்பிட்டு 2017 மே மாதம் முடிவுகளை வெளியிட்டது. அப்பிள், ஃபிட்பிட், சாம்சுங், மைக்ரோசொஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் கருவிகளும் அதிலிருந்தன. இருதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் நின்றது. மெச்சத்தக்க பெறுபேறு. கலோரியிலோ, ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. ஆக மோசமானது 93 சதவீதம். அதாவது உண்மையில் 300 கலோரி எரித்தவருக்கு, நல்ல கருவி 219 என்றோ 381 என்றோ காட்டக்கூடும். மோசமானது 579 என்றும் சொல்லும், 21 என்றும் சொல்லும். ஒரே கருவி துடிப்பைச் சரியாக எண்ணிவிட்டு கலோரியில் தடுமாறுகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் கணக்குப் போடும் முறையில்தான். அன்று சோதிக்கப்பட்ட மாதிரிகள் பழையவை, புதியவை வந்துவிட்டன என்று விற்பனையாளர் சொல்லலாம். மெய்தான். ஆனால் மணிக்கட்டிலிருந்து ஊகிக்கும் வேலை மாறவில்லை.

எமது பிரதேசத்தவருக்கு இதில் மேலதிகமாக ஒரு பிரச்சினை உண்டு. சூத்திரங்கள் யாருடைய உடம்பை வைத்துச் செய்யப்பட்டன? ஓய்வுநிலைச் செலவைக் கணிக்கும் புகழ்பெற்ற சூத்திரமான ஹரிஸ்-பெனடிக்ட், 1919இல் அமெரிக்காவில் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து உருவாக்கப்பட்டது. 1985இல் உலக சுகாதார ஸ்தாபனம் முதலான ஐ.நா. அமைப்புகள் ஏற்றுக்கொண்ட சூத்திரத்தின் தரவுகளில் ஏறத்தாழப் பாதி இத்தாலியருடையவை. அச்சூத்திரம் வெப்பவலய நாடுகளின் மக்களுக்குச் சராசரியாக 8 சதவீதம் கூடுதலாகக் கணிக்கிறது என்று ஜெயா ஹென்றியும் ரீஸும் 1991இல் காட்டினார்கள். தெற்காசியருக்கு ஒரே உயரம், ஒரே எடையில் ஐரோப்பியரை விடத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல் என்பதும் பல ஆய்வுகளில் கண்டது. கொழுப்பை விடத் தசைதான் ஓய்விலும் கூடுதலாக எரிக்கும். கடிகாரம் எமது எடையைக் கேட்கிறதே தவிர, அதில் எவ்வளவு தசை என்று கேட்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்விலும் கறுத்த தோலுடையோருக்கும் உடற்பருமன் கூடியோருக்கும் பிழை அதிகமாக இருந்தது.

இனி எமது வேலைகளைப் பாருங்கள். கல்முனைக் கடற்கரை மணலில் நடப்பவரையும் தார் வீதியில் நடப்பவரையும் கடிகாரம் ஒரே தராசில் நிறுக்கிறது. ஆனால் மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கடினமான தரையில் நடப்பதை விட 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்திருக்கிறார்கள். நாவிதன்வெளி வயலில் முழங்கால் வரை சேற்றில் இறங்கி வரம்பு கட்டுபவரின் நிலைமை எப்படியிருக்கும்! நெல் மூட்டையைச் சைக்கிளில் வைத்து மிதிக்கிறவரின் கை, கைபிடியில் அசையாமல் கிடக்கிறது, கால்தான் உழைக்கிறது. அவரைக் கடிகாரம் ஏறத்தாழச் சோம்பேறி என்று எழுதிவிடும். மாறாக, கிறவல் வீதியில் உழவு இயந்திரத்தில் குலுங்கிக்கொண்டு போகிறவருக்குக் காலடிகள் ஏறிக்கொண்டிருக்கும். மருதமுனையில் கைத்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்குக் கை ஆட்டமெல்லாம் நடையாகப் பதியக்கூடும். மிதிபலகையை மிதிக்கும் காலின் உழைப்பு கணக்கில் வராமலே போகலாம். நடைபயிற்சிக்கும் ஓட்டத்திற்குமென்று செய்யப்பட்ட பொருளுக்கு எங்கள் உழைப்பு தெரியாது.

மருந்து உண்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிறசருக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் அட்டெனலோல், பிசொப்ரொலோல் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும். துடிப்பை வைத்துக் கணக்குப் போடும் கருவி, இவர் எவ்வளவு உழைத்தாலும் குறைத்தே காட்டும். உச்சி வெயில், கடும் தேநீர், மனப் பதற்றம் ஆகியன உழைப்பே இல்லாமல் துடிப்பைக் கூட்டும். இன்சுலின் எடுப்பவர் ஒருவர் கடிகாரத்தின் கலோரியைப் பார்த்து உணவையோ மருந்தையோ கூட்டிக் குறைப்பது ஆபத்தான காரியம். டொக்டரைக் கேளாமல் அதைச் செய்யவே கூடாது.

எடை குறைப்பதற்கேனும் இக்கருவி உதவுகிறதா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளவயதினரை வைத்து இரண்டு வருடங்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2016இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சி ஆலோசனையும் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின்னர் ஒரு பகுதியினருக்கு மேற்கையில் அணியும் கருவி கொடுக்கப்பட்டது. முடிவில், கருவி அணியாதோர் சராசரியாக 5.9 கிலோவும் அணிந்தோர் 3.5 கிலோவும் குறைந்திருந்தனர். காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. சவளக்கடைப் பெரியவரின் பராட்டாவை நினைத்தால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, அவ்வளவுதான்.

வர்த்தகப் பக்கத்துக்கு வருவோம். அயல்நாடான இந்தியாவில் மலிவு விலை ஸ்மார்ட் கடிகாரங்களின் வளர்ச்சி பெரும் அதிசயமாகப் பேசப்பட்டது. ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் அங்கு ஏறத்தாழ 5 கோடி 34 இலட்சம் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. மறு ஆண்டே, 2024இல், அது சுமார் 3 கோடி 50 இலட்சமாகச் சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சி. விலையைக் குறைத்துக் குறைத்து, பெட்டியில் வசதிகளைக் கூட்டிக் கூட்டி அச்சிட்டவர்கள், ஒரு தடவை வாங்கியவரை மறு தடவை கடைக்குக் கொண்டுவர முடியாமல் போனார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன். கல்முனையில் தட்டு நிறைய இவற்றை இறக்கி வைத்திருக்கும் எமது வியாபாரிகள் இதைக் கவனிப்பது நல்லது. எமது ஊர்களில் வாடிக்கையாளர் என்பவர் நாளையும் வரும் ஆள். பாதி நாட்களில் சொந்தக்காரரும்கூட.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் வர்த்தகர் எவரும் ஈடுபடலாகாது என்கிறது. பெட்டியில் நிறுவனம் அச்சிட்டிருப்பதைத்தானே சொன்னோம் என்பது ஒரு பதில். "சரியாக அளந்து காட்டும்", "சீனியைக் கட்டுப்படுத்தும்" என்று பெட்டியிலும் இல்லாததைக் கடைப்பையன் தன்பாட்டுக்குச் சேர்த்துச் சொல்லும்போது அந்தப் பதில் நிற்காது. கலோரியை விட்டுவிட்டு, கருவி ஓரளவு ஒழுங்காகச் செய்வதைச் சொல்லியே விற்கலாம்: துடிப்பு, சாதாரண நடையின் காலடி, நடந்த நேரம்.

இவற்றின் பயன் குறைவல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு என்றே சொல்கிறது. கலோரி பற்றிய பேச்சு அதில் தேவைப்படவில்லை. பலரும் மந்திரம்போல் சொல்லும் 10,000 காலடி, 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் தன் காலடிமானிக்கு வைத்த பெயரிலிருந்து வந்த விளம்பர இலக்கம். 47,471 பேரின் தரவுகளைத் திரட்டி 2022இல் வெளியான ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000 காலடி வரையில் அகால மரண ஆபத்து குறைந்து, அதற்குப் பின் பெரிதாகக் குறையவில்லை. வயதுபோனவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, வழுக்காதபடி கட்டுங்கள். மற்றக் கையின் நாடியை விரலால் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் ஐந்தாறு துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி ஒரு துணிச் சுருளில் கட்டி மேசையில் வைத்துவிடுங்கள். துணிக்கும் அது நாடி பிடித்துக் காட்டினால், அதன் கலோரியைப் பற்றிக் கடைக்காரரிடம் மேலும் விசாரிக்க வேண்டியதில்லை.