குன்றத்தூருக்கு மேலே ஒரு கோடு

பூந்தமல்லிக்காரர்களே, ஒரு ரகசியம்! மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் பாருங்கள். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் மேலேயே போகிறது! பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் என்று கிழக்கே போய் விமானம் ஏறுகிறோம். ஏறியதும், வந்த வழிக்கு மேலேயே மேற்கே பறக்கிறோம். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் பைபாஸைப் பிடித்து வந்து நம்மோடு சேர்ந்துகொள்வார்கள்.

கோட்டின் நீளம் சுமார் 268 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 145 கடல் மைல், அவ்வளவுதான். டிக்கெட்டிலோ ஒரு மணி ஐந்து, ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருக்கும். வானத்தில் இருப்பது நாற்பது நிமிடத்துக்கு முன்பின். மீதி நேரம் எங்கே?

தரையில்! அட்டவணை நேரம் விமானம் மேலே எழும்பும்போது தொடங்குவதில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டையை உருவும்போதே தொடங்கிவிடுகிறது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, அதே வேலை. பெங்களூரில் மறுபடி கட்டை வைக்கும்வரை கடிகாரம் ஓடும். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, இன்ஜினைக் கிளப்புவது, ஓடுபாதை வரை ஊர்ந்துபோய் வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகும் ஊர்வது, எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்றும் கணக்கில் கை வைக்கும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு இரண்டு பெயர்: ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. திசைகாட்டியின் 70 பாகை, 250 பாகையைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். எதிர்காற்றில்தான் கிளம்ப வேண்டும். ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் 25; மூக்கு ஏற்கெனவே மேற்கே இருக்கிறது, ஜாலி! வடகிழக்குக் காற்று என்றால் 07. கடலைப் பார்த்துக் கிளம்பி, வளைந்து திரும்பித்தான் பெங்களூரு. 268 கிலோமீட்டர் அங்கேயே நீண்டுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். ஆயிரம் அடி இறங்க ஏறக்குறைய மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. இவ்வளவு குட்டிப் பயணத்தில் 35,000 அடிக்கெல்லாம் ஏறிக்கொண்டிருந்தால் ஏறிய கையோடு இறங்க வேண்டியதுதான். 20,000 அடியில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். கெம்பேகௌடா நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மீதி 17,000 அடி இறங்க 51 கடல் மைல், அதாவது 94 கிலோமீட்டர். கோலார் வருவதற்கு வெகு முன்பே விமானம் மூக்கைத் தாழ்த்திவிடும்!

திரும்பி வரும்போது கணக்கு மாறுகிறது. மீனம்பாக்கம் கடல் மட்டத்துக்கு வெறும் 16 மீட்டர் மேலே. கூடுதலாக 3,000 அடி இறங்க வேண்டும், அதற்கு இன்னும் 17 கிலோமீட்டர். நேர்கோட்டில் வந்தால் காட்பாடிக்கு நேராக வரும்போதே இன்ஜின் சத்தம் அடங்க ஆரம்பிக்கும். வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். பாலாறு அந்தப் பக்கம்தான்!