சுவடியறையின் ஈரமும் கைவினை மின்னணுக் கருவியும்

திருவல்லிக்கேணி தமிழ்ச் சுவடிப் பதிப்பு வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1903-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிப் பணிக்கு வந்த பின்னர், இவ்வூரில் வாழ்ந்தே பல நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். கடலை அடுத்த இவ்வூரின் காற்று ஈரம் மிக்கது. அவ்வீரமே ஓலைக்குப் பகை. காற்று மிக உலரின் ஓலை முறியும். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடிப்பின் பூஞ்சணம் தோன்றும் வாய்ப்பு மிகும். ஆதலின் சுவடி காப்போர் ஈரத்தை இடையறாது அளந்து குறித்தல் வேண்டும்.

இதற்குரிய கருவியை ஆராய்ச்சி மாணவரே அமைத்துக்கொள்ளலாம். உறுப்புகள் அனைத்தும், திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், அண்ணாசாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். அமைத்தல் எளிது, அது கூறும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என அறிதலே அரிது. இவ்விரண்டும் ஈண்டு விளக்கப்பெறும்.

கருவியின் அமைப்பு

கருவியின் முதல் உறுப்பு உணரி. டிஎச்டி 22 என்னும் உணரியினுள் நீராவியை ஏற்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. காற்றின் ஈரத்திற்கேற்ப அப்படலத்தின் மின்தேக்குதிறன் மாறும், அம்மாற்றமே எண்ணாக்கப்படுகிறது. உணரி என்ற பெயர் கொண்டு அஃது ஈரத்தை 'உணர்கிறது' எனக் கருதற்க. அது மாறுகிறது, அம்மாற்றத்திற்குப் பொருள் கற்பிப்பவர் நாமே.

இரண்டாம் உறுப்பு நுண்கட்டுப்படுத்தி. இத்தாலி நாட்டில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்டுயினோ பலகைகளுள் 'ஊனோ' என்பது அட்மெகா 328பி என்னும் சில்லைக் கொண்டது. கட்டளை நிரலுக்கு 32 கிலோபைட்டும், மின்சாரம் நின்றாலும் அழியாக் குறிப்புக்கு 1,024 பைட்டும் அதில் இடம் உண்டு. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அளப்பின் ஆண்டொன்றுக்கு 52,560 அளவுகள் சேரும். காலத்தோடு சேர்த்து அளவொன்றுக்கு 8 பைட்டு எனக் கொள்ளின், 4,20,480 பைட்டு வேண்டும். ஆகவே தனி நினைவட்டை இன்றியமையாதது. காலங்காட்ட டிஎஸ் 3231 என்னும் கடிகாரச் சில்லு ஏற்றது. ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு மேல் அது பிழைபடாது. உணரியின் செய்திக் கம்பிக்கும் மின்வழங்கு கம்பிக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை இணைத்தல் வேண்டும்.

எடுத்தெழுதும் பிழை

உணரி ஒவ்வொரு முறையும் ஐந்து பைட்டுகளை அனுப்பும். ஈரம் 71.4, வெப்பம் 29.6 எனின், அவை பத்தால் பெருக்கப்பட்டு 714, 296 என அமையும். 714 என்பது 2, 202 எனவும், 296 என்பது 1, 40 எனவும் இரண்டிரண்டு பைட்டுகளாகப் பிரியும். இந்நான்கின் கூட்டுத்தொகையாகிய 245 ஐந்தாவதாக வரும். தொகை ஒவ்வாதாயின் அவ்வளவைத் தள்ளிவிடல் வேண்டும்.

இச்சரிபார்ப்பு, ஏடெழுதுவோர் மூலத்தைச் சரியாகப் படியெடுத்தாரா என ஒப்புநோக்குவது போன்றது. மூலமே பிழையுடையதாயின் இதனால் பயன் இல்லை. உணரியின் பிழையைக் காண வேறு வழி வேண்டும்.

மூலப் பிழை

உணரியின் பிழை இருவகைப்படும். முதலாவது, இடத்தால் விளைவது. பலகையின் மின்னழுத்தச் சீராக்கி சூடாகும். அதன் அருகே உணரியை வைத்தால், 30 பாகை வெப்பமுள்ள காற்று அங்கு 31 பாகையாகும். 70 விழுக்காட்டு ஈரம் 66 எனத் தோன்றும். எனவே உணரியைத் தனிக் கம்பியில் நீட்டிச் சுவடித் தட்டிலேயே வைத்தல் வேண்டும். அளவுகளுக்கு இடையே சில்லைத் துயில்நிலையில் வைத்தலும் வெப்பத்தைக் குறைக்கும்.

இரண்டாவது, உணரியின் இயல்பால் விளைவது. இதனை அறியச் சமையலுப்பே போதும். உப்பைச் சிறிது நீரில் குழைத்து, கரையாத உப்பும் எஞ்சியிருக்குமாறு சிறு கிண்ணத்தில் இட்டு, உணரியோடு காற்றுப் புகாப் புட்டியில் ஒருநாள் மூடி வைத்தால், உள்ளே ஈரம் 75 விழுக்காட்டில் நிலைபெறும். மக்னீசியம் குளோரைடு அங்ஙனமே 33 விழுக்காடு தரும். உப்புக் கரைசல் உணரியில் படலாகாது.

ஓர் உணரி இவ்விடங்களில் 71 எனவும் 31 எனவும் காட்டியதாகக் கொள்வோம். உண்மையில் 42 அலகு இடைவெளி அதற்கு 40 ஆகின்றது. ஆகவே அது காட்டும் எண்ணிலிருந்து 31-ஐக் கழித்து, 1.05-ஆல் பெருக்கி, 33-ஐக் கூட்டுக. அது 62 எனக் காட்டுமிடத்து உண்மை ஈரம் ஏறத்தாழ 65.6 ஆகும். திருத்தம் செய்யாதார் சுவடி நலமாக உள்ளதென்று அமைந்திருப்பர், பூஞ்சணமோ தொடங்கியிருக்கும்.

முடிவுரை

ஒரே ஏட்டை நம்பிப் பாடம் துணிதல் பதிப்பு முறையன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கியே துணிவர். கருவியின் எண்ணும் ஒரு பாடமே. ஒரு பேழைக்கு இரண்டு உணரிகள் வைத்தலும், ஆறு திங்களுக்கு ஒருமுறை உப்புச் சோதனை செய்தலும், திருத்தத்தை நாளிட்டுக் குறித்தலும் அப்பாடத்தைத் தெளிவாக்கும். திருத்தத்திற்கு முந்திய எண்களையும் அழியாது காத்தல் வேண்டும். பின்வருவார் நம் துணிபை மீண்டும் ஆராய அவையே சான்றாகும்.