பிட்யூட்டரியும் ஆக்சிடோசினும்: பிரசவ அறைக்கு அப்பால்

ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோர்த்த சிறிய ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் உருவாகி, நரம்பிழைகள் வழியே பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிக்கு இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். வின்சென்ட் டு விக்னோ இந்த ஹார்மோனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிரசவ வலி, பால் இறங்குதல் ஆகிய இரண்டோடு இதன் வேலை முடிந்ததாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பிட்யூட்டரியின் முன்பகுதி சுரக்கும் இனப்பெருக்க ஹார்மோன்களிலும் இதற்குப் பங்கு உண்டு என்பது பிறகுதான் தெரியவந்தது.

முன்பகுதிக்குச் செல்லும் வழி

பிட்யூட்டரியின் பின்பகுதி, ஹைப்போதலாமஸிலிருந்து வருவதைச் சேமித்து வெளிவிடும் இடம் மட்டுமே. முன்பகுதியோ தன் ஹார்மோன்களைத் தானே உற்பத்தி செய்கிறது. கருமுட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., அதை வெளியேறச் செய்யும் எல்.எச்., பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஆகியவை அங்கே உருவாகின்றன. ஹைப்போதலாமஸின் கட்டளைகள், அதையும் முன்பகுதியையும் இணைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வழியே அங்கு சேர்கின்றன. எலிகளில், உடலின் பொது இரத்தத்தைவிட இக்குழாய்களில் ஆக்சிடோசின் அதிகச் செறிவில் இருப்பது காணப்பட்டது. புரோலாக்டினைச் சுரக்கும் செல்களில் ஆக்சிடோசினுக்கான ஏற்பிகளும் உள்ளன.

கருமுட்டை வெளியேறும் நேரம்

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும், எல்.எச். திடீரென உயர்கிறது. அதைத் தொடர்ந்து ஒன்றரை நாளுக்குள் கருமுட்டை சினைப்பையிலிருந்து வெளியேறுகிறது. இந்த எழுச்சிக்கு முதன்மைக் கட்டளை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹைப்போதலாமஸ் ஹார்மோனிடமிருந்து வருகிறது. எலிகளுக்கு ஆக்சிடோசின் கொடுத்தபோது எழுச்சி முன்கூட்டியே வந்தது. அதன் செயலைத் தடுத்தபோது எழுச்சி தளர்ந்தது. கருமுட்டை வெளியேறுவதற்குச் சற்று முன்னதாக ஆக்சிடோசின் செலுத்தப்பட்ட பெண்களிடமும் எல்.எச். முந்தி உயர்ந்ததாக ஆய்வு உண்டு.

இவற்றை வைத்துப் பார்த்தால், ஆக்சிடோசின் இங்கே துணைப்பணி செய்கிறது, ஜி.என்.ஆர்.எச்.சின் இடத்தை அது பிடிப்பதில்லை. ஆகவே குழந்தைப்பேற்றுக்கான மருந்தாக அதைக் கருத இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

பால் சுரப்பதும் இறங்குவதும்

தாய்ப்பாலில் இரண்டு ஹார்மோன்களின் வேலை பிரிந்தே இருக்கிறது. பாலை உண்டாக்குவது புரோலாக்டின். உண்டான பாலைக் காம்புக்குத் தள்ளுவது ஆக்சிடோசின். குழந்தை சப்பும்போது இரண்டுமே உயர்கின்றன. வழக்கமாகப் புரோலாக்டினை அடக்கிவைப்பது டோபமின். சப்பும் உணர்வு மூளையை எட்டியதும் அந்தப் பிடி தளர்கிறது. எலிகளில் ஆக்சிடோசினும் புரோலாக்டின் வெளிப்பாட்டைத் தூண்டுகிறது.

தாய்மார்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பயம், வலி, அவமான உணர்வு ஆகியவை ஆக்சிடோசினைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காமல் போகலாம். “பால் இல்லை” என்று வீட்டார் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகும். இறங்காத பால் மார்பிலேயே தேங்கினால் சுரப்பும் குறையும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் தோலோடு சேர்த்து அணைத்து, கேட்கும்போதெல்லாம் பால் கொடுப்பதே நல்ல தூண்டல்.

அடிக்கடி பால் கொடுப்பது ஜி.என்.ஆர்.எச்.சின் துடிப்பையும் அடக்குவதால் எல்.எச். குறைந்து மாதவிடாய் தள்ளிப்போகிறது. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வரை இது கருத்தரிப்பைப் பெருமளவு தடுக்கும். இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை முறை தேவை.

இரத்தப்போக்கு பிட்யூட்டரியைத் தாக்கும்போது

கர்ப்ப காலத்தில், புரோலாக்டின் செல்கள் பெருகுவதால், பிட்யூட்டரி பருத்துவிடுகிறது. அந்த நிலையில் பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டால் முன்பகுதிக்கு இரத்தம் கிடைக்காமல் செல்கள் இறக்கலாம். ஹரோல்ட் ஷீஹன் 1937இல் விவரித்ததால் இது ஷீஹன் நோய் எனப்படுகிறது. பால் சுரக்காதது பெரும்பாலும் முதல் அறிகுறி. பிறகு மாதவிடாய் திரும்பாமை, ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, அக்குள் முடி உதிர்தல் ஆகியவை தோன்றும். ஆண்டுகள் கழித்தும் கண்டறியப்படாமல் போவதுண்டு. பிரசவத்தில் நிறைய இரத்தம் இழந்த பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், “பிள்ளை பெற்ற உடம்பு” என்று விட்டுவிடாமல் ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்த ஹார்மோன்களை மருந்தாகக் கொடுக்க முடியும்.

அந்த இரத்தப்போக்கைத் தடுக்கும் முதன்மை மருந்தும் ஆக்சிடோசின்தான். குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஊசி போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்காவிட்டால் மருந்தின் வீரியம் குறையும்.

பிரசவ வலியை விரைவுபடுத்த அளவும் கண்காணிப்பும் இல்லாமல் இதே ஊசியைப் போடுவது ஆபத்து: கருப்பை கிழியலாம், குழந்தைக்குப் பிராணவாயு குறையலாம். வலியைத் தூண்ட வேண்டியிருந்தால், குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கவும் அவசர அறுவைச் சிகிச்சை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.